நடுக்குடும்பமும் இரண்டாம் அடுப்பும்

மாவட்டப் புள்ளியியல் அலுவலகத்தின் மாடிப்படிச் சுவரில் ஒரு கோடு ஏறிக்கொண்டிருந்தது. கட்டைவிரல் தடிமனில், சிவப்பு எண்ணெய்ச் சாயத்தில். கோடு தொடங்கும் இடத்தில் ஒரு பித்தளை ஆணி, ஆணியில் ஒரு பதக்கம். பத்தாண்டுக்கு முன் மாவட்டத்தின் முதல் குடும்ப வருமானக் கணக்கெடுப்பு நடந்தபோது இயக்குநருக்குக் கிடைத்தது அது. ஆணி சற்று உயரத்தில் இருந்ததால், வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு, வெயிலில் மின்னுவதைப் பாராட்டிவிட்டுப் போவார்கள்.

அங்கிருந்து கோடு படியோடு படியாக மேலே போனது. இடைப்பட்ட ஆண்டுகளில் கணக்கெடுப்பு எதுவும் நடக்கவில்லை. அந்த இடத்தை இயக்குநர் ஒரு நீளமான ஸ்கேலை வைத்து இழுத்து நிரப்பியிருந்தார். "போக்கு தெரிஞ்சா போதும், புள்ளி எதுக்கு?" என்பது அவர் கொள்கை. 'ஏறுமுகம்' என்ற சொல்லை உதிர்க்காமல் அவர் எந்த மேடையிலிருந்தும் இறங்கியதில்லை. ஆகவே அலுவலகத்தில் அவருக்குப் பெயரே ஏறுமுகம். அவர் அறைக்கதவு சாத்தியிருக்கும்போது மட்டும்.

இரண்டாவது கணக்கெடுப்பு இந்த ஆண்டு முடிந்தது. அதன் புள்ளிக்கு உரிய இடத்தை அவர் முன்கூட்டியே பென்சிலால் வட்டமிட்டு வைத்திருந்தார், கூரையை ஒட்டி. மாதக் கடைசியில் அமைச்சர் வந்து, தூரிகையைச் சாயத்தில் தோய்த்து, அந்த வட்டத்தை நிரப்புவதாக ஏற்பாடு. அமைச்சர் ஏறி நிற்கும் ஏணிக்கு வெல்வெட் துணி சுற்றியாகிவிட்டது. எண் ஒன்றுதான் பாக்கி.

அதைக் கொண்டுவர வேண்டியவள் மதிப்பீட்டாளர். வீட்டில் ஒரு மருமகள், அலுவலகத்தில் மாவட்டத்தின் வருமானத்தையே மதிப்பிடுகிறவள். இரண்டு இடத்திலும் அவள் சொன்னதை முதல் தடவையிலேயே யாரும் கேட்டதில்லை. அதனால் எதையும் மூன்று தடவை சொல்லும் பொறுமை அவளுக்கு வந்திருந்தது.

"சார், இடைநிலை வருமானம் வந்துடுச்சு" என்றாள்.

"எவ்ளோம்மா ஏறியிருக்கு?"

"ஏறலை சார். பழைய எண்ணுக்குக் கொஞ்சம் கீழ நிக்குது."

இயக்குநர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கழற்றினால் எண் மாறக்கூடும் என்று நினைத்தாரோ என்னவோ. பக்கத்தில் நின்ற தலைமை எழுத்தர், சிரிப்பு வந்தால் வழக்கமாகச் செய்வது போல, கையிலிருந்த கோப்பால் முகத்தை விசிறிக்கொண்டார்.

இடைநிலை என்பது பெரிய விஷயமில்லை. மாவட்டத்துக் குடும்பங்களையெல்லாம் வருமானப்படி ஒரே வரிசையில் நிற்கவைத்தால், நட்டநடுவில் ஒரு குடும்பம் நிற்கும். அதற்கு வருவது எவ்வளவோ அதுதான் மாவட்டத்தின் இடைநிலை வருமானம். முன்னால் நிற்கிறவர்கள் பாதி, பின்னால் நிற்கிறவர்கள் பாதி.

"அதெப்படிம்மா? ஆலை முதலாளி ரெண்டாவது ஆலை கட்டிட்டாரே. அந்தப் பணமெல்லாம் எங்க போச்சு?"

"அவர் வரிசைல கடைசி ஆள் சார். பத்து ஆலை கட்டினாலும் நடுவுல நிக்கிறவங்களுக்கு ஒண்ணும் ஆகாது."

"அப்ப அவரைக் கொண்டாந்து நடுவுல நிறுத்தேன்!"

தலைமை எழுத்தரின் விசிறல் வேகமெடுத்தது.

மதிப்பீட்டாளர் பொறுமையாக விளக்கினாள். ஊர் ஏழையாகவில்லை; அடுப்புதான் பெருகிவிட்டது. முதல் கணக்கெடுப்பில் ஒரு கூரையின் கீழ் இருப்பவர்கள் ஒரு குடும்பம். இப்போது தலைமையகம் விதியை மாற்றிவிட்டது: ஓர் அடுப்பில் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். இதற்கிடையில் மாவட்டத்துக்குப் பழம் பதனிடும் ஆலை வந்தது. பெண்கள் ஷிஃப்டுக்குப் போனார்கள். மாமியார் காலை ஷிஃப்ட், மருமகள் மாலை ஷிஃப்ட். கையில் சம்பளம் வந்ததும் ஆளுக்கு ஓர் அடுப்பு வாங்கினார்கள். ஒரே வீடு இப்போது வரிசையில் இரண்டு குடும்பமாகப் பிரிந்து, வருமானத்தையும் பங்குபோட்டுக்கொண்டு நிற்கிறது.

"பழைய கணக்கெடுப்புல எரிபொருளுக்காக ஒவ்வொரு வீட்லயும் எத்தனை அடுப்புன்னு கேட்டு வெச்சிருக்கோம் சார். அதை வெச்சு பழைய எண்ணையும் புது விதிப்படி போட்டுடலாம். அது கொஞ்சம் இறங்கும். இந்த வருஷத்து எண் அதுக்கு மேல நிக்கும். மெல்லத்தான் ஏறும். ஆனா ஏறும்."

"பழைய எண்ணை இறக்கறதா?" இயக்குநர் எழுந்தே விட்டார். "அந்த எண்ணுக்குத்தாம்மா பதக்கம்! எண் இறங்கினா ஆணி இறங்கணும். ஆணி இறங்கினா..." அதற்கு மேல் இறங்குவதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்பார்கள். புதுப்புள்ளி மேலே போகவேண்டும், பழைய ஆணியும் அசையக்கூடாது. சுவர் ஒன்றுதான். அவர் சன்னலருகே போய் நின்று ஊரைப் பார்த்தார். ஊரெல்லாம் புகைபோக்கிகள். ஒவ்வொன்றும் அவர் கோட்டைக் கீழே இழுப்பது போல இருந்தது.

திரும்பியபோது முகத்தில் ஒளி வந்திருந்தது. "அடுப்பாலதானே இறங்குது? அப்ப அடுப்பைக் குறைச்சிட்டா?"

மறுநாளே சுற்றறிக்கை தயார். தலைப்பு: 'ஓர் இல்லம், ஓர் அடுப்பு'. பிரிந்துகிடக்கும் அடுப்புகளை ஒன்றாக்கிக் குடும்பப் பாசத்தையும் மாவட்ட வருமானத்தையும் ஒருசேர உயர்த்துவது நோக்கம். அலுவலக ஊழியர்கள் முன்மாதிரியாக இருந்து தங்கள் இரண்டாம் அடுப்பை அணைக்கவேண்டும். இயக்குநர் நேரில் வந்து பார்ப்பார். அதன் பிறகு மாவட்டம் முழுவதும் மறு கணக்கெடுப்பு. இணங்காதவர்கள் தலைமையகத்துக்கு மாற்றப்படுவார்கள்.

"முதல்ல உன் வீட்டுக்கே வரேன்மா" என்றார் இயக்குநர், பெரிய மனதோடு. "கணக்கு போடறவங்க வீட்லயே கணக்கு சரியா இருக்கணுமில்ல?"

அவள் வீட்டில் இரண்டு அடுப்பு. ஒன்று மாமியாருடையது, முன் சமையலறையில். மற்றது அவளுடையது, பின்புறச் சாமான் அறையில். நடுவில் இடுப்பளவு ஒரு குட்டைச்சுவர்.

மாமியார் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். விடியற்காலை முதல் வண்டிக்குப் போன பழக்கத்தில் எதையும் கொழுந்துவிட்டு எரியும் தீயில், காலில் செருப்போடு சமைப்பவர். மருமகளோ சிறு தீயில், பாத்திரத்தோடு பேசிக்கொண்டு சமைப்பவள். கல்யாணமான புதிதில் இருந்தது ஒரே அடுப்பு. ஒருத்தி தீயைக் கூட்டுவாள், அடுத்தவள் குறைப்பாள். நடுவில் கருகியது உருளைக்கிழங்கும் கணவனும். நாளில் பாதி பேச்சில்லை, பேச்சிருந்த பாதியில் பேசாமல் இருந்திருக்கலாம். பிறகு அவள் தன் சம்பளத்தில் ஒரு சின்ன அடுப்பு வாங்கிச் சாமான் அறையில் வைத்தாள். அன்று முதல் குட்டைச்சுவரின் மேல் கிண்ணங்கள் போய்வர ஆரம்பித்தன. கிண்ணத்தோடு பேச்சு, பேச்சோடு சிரிப்பு. அந்தச் சின்ன அடுப்பு அணைந்தால் அந்த வீட்டில் என்னென்ன அணையும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

சுற்றறிக்கையைக் கேட்ட மாமியார் கரண்டியைக் கீழே வைக்கவில்லை, ஓங்கினார்.

"என்னது, ஒரே அடுப்பா? ஏம்மா, முப்பது வருஷம் ஊருக்கே விசில் ஊதிட்டு, இப்பதான் எனக்குன்னு ஒரு தீயை வெச்சுக்கிட்டு நிம்மதியா இருக்கேன். சவ்வா இழுக்கற உன்னோட சின்னத் தீயில நான் வெந்நி வெச்சா, அது சுடறதுக்குள்ள எனக்கு இன்னொரு பென்ஷன் வந்துடும்."

"எனக்கு மட்டும் ஆசையா அத்தை? உங்க தீயில பால் வெச்சா பாத்திரமே பொங்கிடும்."

கணவன் பம்பு பழுதுபார்ப்பவன். கையில் கிரீஸோடு வாசல்படியில் நின்று, "எனக்கு ரெண்டு அடுப்பு இருந்தாலும் சரி, ஒண்ணா இருந்தாலும் சரி" என்றான் பெருந்தன்மையாக.

"உனக்கு ஏன் சரியா இருக்காது?" என்றார் தாயார். "காலைல என் அடுப்பு, ராத்திரி அவ அடுப்பு. கணக்கெடுப்புல மட்டும் ராத்திரி எங்க சாப்பிடறியோ அந்தக் குடும்பமாம். சம்பளம் அங்க, பசி இங்கயா? போய்க் கை கழுவு."

அவன் போனான். இருவரும் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். மாற்றல் உத்தரவு வந்தால் அவள் வாரம் ஒருமுறைதான் வீட்டுக்கு வரமுடியும். அடுப்பை அணைத்தால் தினமும் வரலாம், ஆனால் வர மனமிருக்காது.

"வரிசையா எல்லார் வீட்டுக்கும் வராரா?" என்று கேட்டார் மாமியார்.

"நம்ம வீடுதான் முதல்ல."

"அது தப்பு வரிசை. பஸ்ஸுல டிக்கெட் எங்கேருந்து குடுப்போம் தெரியுமா? முன் சீட்டுலேருந்து. பின்னால நிக்கிறவன் பாவம், காசைக் கையிலயே வெச்சிருப்பான். முன் சீட்டுல சாஞ்சு உக்கார்ந்திருக்கிறவன்தான் சன்னலைப் பாத்துக்கிட்டு டிக்கெட் எடுக்காம இறங்கிடுவான்." கரண்டி கீழே இறங்கியது. "உங்க ஆபீஸ்ல முன் சீட்டு யாரு?"

மருமகள் சிறு தீயில் வேகும் ரகம். கொஞ்ச நேரம் கழித்துத்தான் சிரிப்பு வந்தது. வந்த பிறகு நிற்கவில்லை.

இயக்குநர் வீட்டில் எத்தனை அடுப்பு என்பது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். யாரும் அதை அடுப்பாக நினைத்ததில்லை, அவ்வளவுதான். ஒன்று அவருடையது. ரத்தக்கொதிப்புக்காக மருத்துவர் சொன்ன உப்பில்லாத ஓட்ஸ் கஞ்சியை அவரே காய்ச்சிக் குடிப்பார். "என் உணவை நானே சமைக்கிறேன். ஒழுக்கம்!" என்று கூட்டங்களில் சொல்வார். மற்றது வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் இருந்தது, அவர் மனைவியுடையது. அந்த அடுப்பிலிருந்துதான் அலுவலகத்துக்கும் ஆலைக்கும் மதியச் சாப்பாடு போகிறது. ஊரில் அவருக்குச் சாப்பாட்டம்மா என்று பெயர். அவர் மாத வருமானம் கணவரின் சம்பளத்தை எப்போதோ தாண்டிவிட்டது என்று பேச்சு. இயக்குநர் மட்டும் அதை 'வீட்டம்மாவோட பொழுதுபோக்கு' என்பார்.

காலையில் மதிப்பீட்டாளர் சுற்றறிக்கையின்படியே முறையான அறிவிப்புகளைத் தயாரித்தாள். பதவி வரிசைப்படி. முதல் அறிவிப்பு, இயக்குநர் இல்லத்தின் தலைவிக்கு: 'தங்கள் இல்லத்தில் இரண்டு அடுப்புகள் இருப்பதாகத் தெரியவருகிறது. அவற்றுள் ஒன்றை அணைத்து, எது என்பதைத் தெரிவிக்கவும்.'

தலைமை எழுத்தர் படித்தார். இன்னொரு முறை படித்தார். பிறகு கோப்புகளுக்கு நடுவில், மிகுந்த மரியாதையோடு செருகினார். "தலை இருக்க வால் ஆடலாமா?" என்றார்.

இயக்குநர் கையெழுத்துப் போடும்போது படிப்பதில்லை. படித்தால் கையெழுத்தின் கம்பீரம் போய்விடும் என்பது அவர் எண்ணம். அன்றும் பேனா பெரிய வளைவுகளோடு கோப்புகளின் மேல் பறந்தது.

பதினொரு மணி வாக்கில் சாப்பாட்டம்மா வந்தார். கையில் அறிவிப்பு. இயக்குநர் அறைக்குப் போகும் வழியில் மதிப்பீட்டாளரின் மேசையருகே நின்றார்.

"நீயாம்மா எழுதினது?"

"ஆமாங்கம்மா."

"நல்ல கையெழுத்து. அவர் போட்ட கையெழுத்துதான் கோணல்."

அறைக்கதவைச் சாத்த அவர் மறந்துவிட்டார். அல்லது மறக்கவில்லை.

"என்னங்க, எந்த அடுப்பை அணைக்கணும்? எழுத்துல கேட்டிருக்கீங்க, பதில் சொல்ல வந்தேன்."

"இதெல்லாம் உனக்கு இல்லம்மா, இது ஊருக்கு..."

"ஊருக்குத்தான் உபதேசமா? அமைச்சர் கேட்டா என்ன சொல்வீங்க? முன்மாதிரின்னு எழுதியிருக்கே. ஒரே வீடு, ஒரே அடுப்பு. என்னோடது கொட்டகைல இருக்கு, உங்களோடது வீட்டுக்குள்ள இருக்கு. அப்ப என்னோடதைத்தான் அணைக்கணும். சரி, அணைச்சிட்டேன்."

"அணைச்சிட்டியா? அப்ப ஆபீஸ் சாப்பாடு?"

"அதுக்கென்ன? உங்க அடுப்பு இருக்கே. ஒழுக்கமான அடுப்பு." அறிவிப்பை நான்காக மடித்து அவர் மேசையில் வைத்துவிட்டுக் கிளம்பினார்.

மறுநாள் மதியம் கேரியர்கள் வழக்கம்போல் வந்தன. வழக்கம்போல் மேல் தட்டைத் திறந்த தலைமை எழுத்தர் அப்படியே நின்றார். கீழ்த் தட்டைத் திறந்தார். அதிலும் அதுவே. எல்லாத் தட்டிலும் சாம்பல் நிறத்தில் ஓட்ஸ் கஞ்சி, உப்பில்லாமல், ஒழுக்கமாக.

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு சொல்வாங்க" என்றார் அவர். "ஆனா குப்பைத்தொட்டியும் ஒத்துக்கணுமே."

யாரும் சிரிக்கவில்லை. பசியில் சிரிப்பு வராது. ஆலையிலிருந்து தொலைபேசி வந்தது: இரண்டாம் ஷிஃப்ட் தொடங்கவில்லை, எல்லோரும் கேரியரை வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள், இது என்ன அரசாங்கத் திட்டமா என்று மேலாளர் கேட்டார். தலைமை எழுத்தர் ஆமாம் என்று உள்ளபடியே சொன்னார்.

இயக்குநர் அறைக்கதவு சாத்தியிருந்தது. மதிய நேரத்தில் அது எப்போதும் சாத்தித்தான் இருக்கும். அவர் வீட்டில் கஞ்சி குடிப்பது உண்மை. ஊழியர்களுக்கு வரும் அதே கேரியரில் ஒன்று, துணியால் மூடி, பின்வழியாக அவர் அறைக்கும் போகும் என்பதும் உண்மை. அன்று அந்தத் துணியை விலக்கியவர் கஞ்சியைப் பார்த்தார். கஞ்சி அவரைப் பார்த்தது. கொஞ்ச நேரம் கழித்து உள்ளிருந்து தொலைபேசி சுழலும் சத்தம்.

"ஏம்மா... அமைச்சர் வர அன்னிக்குச் சாப்பாடு... அதுவும் இதேதானா?"

பதில் வெளியே கேட்கவில்லை. ஆனால் கதவு திறந்தபோது இயக்குநரின் முகம் உப்பில்லாமல் இருந்தது.

"மதிப்பீட்டாளர் அம்மா, கொஞ்சம் வாங்க." அவர் அவளை 'வாங்க' என்று சொன்னது அதுவே முதல் தடவை. "அந்தப் பழைய எண்ணைப் புது விதிப்படி போட்டா, கோடு ஏறும்னு சொன்னீங்களே. முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"சொன்னேன் சார்."

"அழுத்திச் சொல்லலையே." பிறகு தணிந்த குரலில் கேட்டார்: "ஏறுமில்ல?"

"ஏறும் சார். மெல்ல. விலைவாசியைக் கழிச்சும் ஏறுது. ஆணிலேருந்து ஒரு ரெண்டு படி."

"கூரை வரைக்கும் இல்லையா?"

"இல்லை சார். கூரை வேற கணக்கு."

"நடுவுல நான் ஸ்கேல் வெச்சு இழுத்தது?"

"அதைப் புள்ளிக்கோடா மாத்திடலாம் சார். அந்த வருஷங்கள்ல யாரும் போய்க் கேக்கலைன்னு அர்த்தம்."

அவர் நீண்ட பெருமூச்சு விட்டார். "புள்ளிக்கோடு பாக்கவும் நல்லாத்தான் இருக்கும்" என்றார், தனக்குத்தானே.

சுற்றறிக்கை 'மேலும் செழுமைப்படுத்துவதற்காக' திரும்பப் பெறப்பட்டது. மறுநாள் கேரியர்களில் உப்பு திரும்பி வந்தது. மதிப்பீட்டாளரின் கேரியரில் மட்டும் கூடுதலாக ஒரு தட்டு இருந்தது.

அவள் பழைய படிவங்களை எடுத்து, வீடு வீடாக அடுப்பைப் பிரித்து, பத்தாண்டுக்கு முந்திய வரிசையைப் புதிதாக நிறுத்தினாள். சாயக்காரர் வந்து சிவப்புக் கோட்டை அழித்து, மெல்லிய சரிவில் வேறொன்று வரைந்தார். ஆணி ஒரு சாண் கீழே இறங்கியது.

விழா அன்று வெல்வெட் ஏணி தேவைப்படவில்லை. புள்ளி அமைச்சரின் மார்பளவில் இருந்தது. முழங்கால் வலிக்காரரான அமைச்சர், படியில் நின்றபடியே சாயத்தை வைத்துவிட்டு, "இப்படித்தான் இருக்கணும், எட்டற உயரத்துல!" என்று மனமாரச் சொன்னார். இயக்குநர் அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டார். 'ஆரவாரமில்லா ஏறுமுகம்' என்ற தலைப்பில் நெடுநேரம் பேசினார். எட்டாத ஏற்றங்களைத் தாம் என்றுமே நம்பியதில்லை என்றார். கடைசி வரிசையில் சாப்பாட்டம்மா கேரியர்களை அடுக்கிக்கொண்டிருந்தார்; கைதட்டல் வந்தபோது அவரும் கரண்டியால் ஒரு மூடியைத் தட்டினார்.

எல்லோரும் சாப்பிடப் போன பிறகு மதிப்பீட்டாளர் படி இறங்கினாள். பதக்கம் இப்போது சரியாக அவள் கண்ணுக்கு நேராக இருந்தது. இத்தனை ஆண்டுகளில் அதில் ஏதோ எழுதியிருப்பதே யாருக்கும் தெரியாது. நின்று படித்தாள். 'மாநாட்டில் கலந்துகொண்டமைக்காக' என்று இருந்தது. எந்த எண்ணைப் பற்றியும் அதில் ஒரு சொல் இல்லை.

பின்னால் இயக்குநரின் குரல் கேட்டது. "கீழ இறக்கினது நல்லதாப் போச்சு பாருங்க. இப்பதான் எல்லார் கண்ணுலயும் படுது."

"ஆமாம் சார்" என்றாள் அவள். ஒரு தடவைதான் சொன்னாள். இதற்கு மூன்று தடவை தேவையில்லை.

அன்று மாலை வீட்டில் இரண்டு தீயும் எரிந்தன, முன்னால் கொழுந்துவிட்டு, பின்னால் சிறுத்து. குட்டைச்சுவரின் மேல் ஒரு கிண்ணம் போனது, ஒரு கிண்ணம் வந்தது.

"ஏம்மா, நம்ம வீடு அந்த வரிசைல எங்க நிக்குது?" என்று கேட்டார் மாமியார்.

"நம்ம வீடுன்னு இல்ல அத்தை, ரெண்டு குடும்பம். உங்க பென்ஷன் நடுவுக்குக் கொஞ்சம் கீழ நிக்குது. நாங்க கொஞ்சம் மேல நிக்கிறோம்."

"அப்ப நடுவுல?"

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். எந்த அடுப்பில் முதலில் ஆகும் என்று தெரியாமல், குட்டைச்சுவரில் சாய்ந்தபடி, கையில் காலித் தட்டோடு கணவன் நின்றுகொண்டிருந்தான்.

மாமியாருக்குப் பழைய குரல் தானாக வந்துவிட்டது.

"முன்னாடி போ, முன்னாடி போ! நடுவுல நிக்காதே, வழி விடு!"